பின்புறத்தில் ஓர் எண்: போர்க்காலப் பெண்களின் பேட்ஜுக்கு உரியவரைத் தேட எந்த வழி?

முதல் உலகப் போர்க்காலத்து பிரிட்டிஷ் பேட்ஜ்களில் பெண்களோடு தொடர்புடைய இரண்டு வகைகள் இன்றும் பழம்பொருள் கடைகளிலும் இணைய ஏலங்களிலும் அடிக்கடி கண்ணில் படுகின்றன. ஒன்று பித்தளை முக்கோணம். ‘போர்ப் பணியில்’ என்ற வாசகமும் 1916 என்ற ஆண்டும் அதன் முகப்பில் இருக்கும். மற்றது வட்டமான வெள்ளி பேட்ஜ். மன்னருக்கும் பேரரசுக்கும் ஆற்றிய சேவையைக் குறிப்பிடும் வாசகம் விளிம்பைச் சுற்றி ஓட, நடுவில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் பெயரெழுத்துகள் மகுடத்தோடு அமைந்திருக்கும். இரண்டின் பின்புறத்திலும் ஓர் எண் இருக்கும்.

எண் இருந்தால் பட்டியல் இருக்கும், பட்டியல் இருந்தால் பெயர் இருக்கும் என்று வாங்கியவர் கணக்குப் போடுகிறார். வெள்ளி பேட்ஜைப் பொறுத்தவரை அந்தக் கணக்கு பெரும்பாலும் சரியாகவே வரும். முக்கோணத்தில் அது முதல் படியிலேயே நின்றுவிடும். ஆகவே சந்தா கட்டித் தேடுவதா, ஆய்வாளரை அமர்த்துவதா, பொதுவெளியில் அறிவிப்பதா, அருங்காட்சியகத்திடம் ஒப்படைப்பதா என்பதை பேட்ஜின் வகையைப் பார்த்த பிறகே முடிவு செய்ய வேண்டும். எண்ணைப் படித்த கையோடு அட்டையை எடுத்துப் பணம் கட்டுவது வீண்.

அதற்கும் முன்னால் ஒரு வேலை உண்டு: பேட்ஜைத் தேய்த்து மெருகேற்றாமல், பக்கவாட்டில் வெளிச்சம் விழும்படி வைத்துப் பின்புறத்தைப் படம் எடுங்கள். நூறாண்டு தேய்ந்த எண்களில் 3, 8, 6 மூன்றும் ஒன்றுக்கொன்று மாறித் தெரியும். மெருகுப் பசை போட்டால் மீதி இருப்பதும் போய்விடும்.

வெள்ளி பேட்ஜ்: கியூ, சந்தாத் தளம், ஆய்வாளர்

வெள்ளிப் போர் பேட்ஜ் 1916 செப்டம்பரில் அறிமுகமானது. காயத்தாலோ நோயாலோ படையிலிருந்து விடுவிக்கப்பட்டவர்கள் சாதாரண உடையின் வலது மார்பில் அணிந்துகொள்ள அது வழங்கப்பட்டது. படைச் சீருடையின் மீது அதை அணிய அனுமதி கிடையாது. போருக்குப் போகாதவன் என்று நினைத்து, கோழை என்று குத்திக்காட்டத் தெருவில் வெள்ளை இறகை நீட்டும் வழக்கம் 1914 ஆகஸ்டிலிருந்தே இங்கிலாந்தில் இருந்தது. காலை இழந்து திரும்பியவன் கையிலும் அந்த இறகு திணிக்கப்பட்டதால்தான் அரசு இப்படி ஓர் அடையாளத்தைத் தர நேர்ந்தது. மொத்தம் ஏறத்தாழ 11,50,000 பேட்ஜ்கள் வழங்கப்பட்டன. மிகப் பெரும்பாலானவை ஆண்களுக்கே சென்றன. 1918 ஏப்ரலில் தகுதி விதிகள் விரிவடைந்து, செவிலியரும் படைக்கு உதவிய பிற பெண் பணியாளர்களும் வரம்புக்குள் வந்தார்கள். 1917-இல் தொடங்கப்பட்டு, 1918-இல் ராணி மேரியின் பெயரைப் பெற்ற பெண்கள் துணைப்படையினரின் பெயர்களும் இந்தப் பட்டியலில் உண்டு.

அதாவது, கையில் கிடைத்த வெள்ளி பேட்ஜ் ஒரு பெண்ணுடையதாக இருக்கும் வாய்ப்பு குறைவு. ‘செவிலியர் பேட்ஜ்’ என்று விற்பவர் சொன்னால், அது அவர் சொல்லும் விலைக்கான காரணம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். பட்டியலைப் பார்த்த பிறகு நம்பினால் போதும்.

அந்தப் பட்டியல் இருக்கிறது என்பதுதான் இந்த பேட்ஜின் தனிச்சிறப்பு. தரைப்படைக்கான பதிவேடுகள் லண்டனை அடுத்த கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில், போர் அலுவலகத் தொகுப்பில், 329 என்ற வரிசையில் இருக்கின்றன. அவற்றின் பிரதிகள் ஆன்செஸ்ட்ரி என்ற கட்டணக் குடும்ப வரலாற்றுத் தளத்தில் ஏற்றப்பட்டுள்ளன. ஒரு வரியில் பேட்ஜ் எண், படை எண், பதவி, பெயர், பிரிவு, சேர்ந்த நாள், விலகிய நாள், விலகிய காரணம் ஆகியவை இருக்கும். வெளிநாட்டில் பணியாற்றினாரா என்ற குறிப்பும் பல பக்கங்களில் உண்டு. எண்ணின் முன் ஆங்கில எழுத்து இருந்தால் அதை விட்டுவிட்டுத் தேடக் கூடாது. கடற்படைக்கும் பேரரசின் பிற நாட்டுப் படைகளுக்கும் தனித்தனி எண் வரிசைகள் இருந்தன. எழுத்தைத் தவறவிட்டால், அதே எண்ணுக்குரிய வேறொரு தரைப்படை வீரர் வந்து நிற்பார். அவருடைய குடும்பத்தைத் தேடி வாரக்கணக்கில் அலைய வேண்டியதுதான்.

இந்தப் பதிவேட்டை அடைய மூன்று வழிகள் இருக்கின்றன. பிரிட்டனில் இருப்பவர் கியூவுக்கு நேரில் போகலாம். அங்கே வாசகர் கணினிகளில் ஆன்செஸ்ட்ரியையும், அதைப் போன்ற இன்னொரு தளமான ஃபைண்ட்மைபாஸ்ட்டையும் கட்டணமில்லாமல் பார்க்க முடியும். அவ்வளவு தூரம் போக முடியாதவருக்கு ஊர்ப் பொது நூலகம் உண்டு. பல நூலகங்களில் ஆன்செஸ்ட்ரியின் நூலகப் பதிப்பு இருக்கிறது. பிரிட்டனுக்கு வெளியே இருப்பவர் சந்தா கட்ட வேண்டும், அல்லது இலவச சோதனைக் காலத்துக்குள் வேலையை முடித்துவிட வேண்டும். மூன்றாவது வழி, தேசிய ஆவணக் காப்பகம் தன் தளத்தில் பட்டியலிட்டிருக்கும் தனி ஆய்வாளர்களில் ஒருவரை மணிக்கணக்குக்கு அமர்த்துவது.

ஒற்றை வெள்ளி பேட்ஜுக்கு ஆய்வாளரை அமர்த்துவது தேவையில்லாத செலவு என்பேன். அவர் முதலில் திறக்கப்போவதும் அதே பதிவேட்டுப் பக்கத்தைத்தான். ஆய்வாளரின் திறமைக்கு வேலை வருவது அடுத்த கட்டத்தில்: பெயர் கிடைத்து, சேவைக் கோப்பு இல்லாதபோது. அந்த நிலை அடிக்கடி வரும். 1940 செப்டம்பரில் லண்டன் மீது விழுந்த குண்டுகளில் போர் அலுவலகத்தின் ஆவணக் கிடங்கு எரிந்தது. பெண்கள் துணைப்படையில் பணியாற்றியவர்கள் ஏறத்தாழ 57,000 பேர். அவர்களில் சுமார் 7,000 பேரின் கோப்புகளே எஞ்சியிருக்கின்றன. அவை 398 என்ற வரிசையில் உள்ளன. செவிலியர்களுக்கு அதிர்ஷ்டம் கொஞ்சம் கூடுதல். அவர்களுடைய கோப்புகள் அடுத்த வரிசையான 399-இல் பதினையாயிரத்துக்கு மேல் இருக்கின்றன. செஞ்சிலுவைச் சங்கத்தின் தன்னார்வப் பெண்களுக்கோ ராணுவக் கோப்பே வேண்டாம். சங்கம் வைத்திருந்த அட்டைகள் தொண்ணூறாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு மின்வடிவில் இணையத்தில் இருக்கின்றன. முகவரி, எந்த மருத்துவமனை, எத்தனை மணி நேரம் என்பதெல்லாம் அவற்றில் எழுதப்பட்டிருக்கும்.

யாருக்கு எந்தப் போர்ப் பதக்கம் என்று பதிந்த பதக்க அட்டைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. தரைப்படையோடு சேர்ந்து உள்நாட்டிலேயே பணியாற்றிய பெண்ணுக்குப் போர்ப் பதக்கம் கிடையாது; கடல் கடந்தவர்களுக்கே அது. சமையற்கூடத்திலோ எழுத்தர் மேசையிலோ இங்கிலாந்துக்குள் வேலை பார்த்து, நோயுற்று விலகியவருக்கு அரசு கொடுத்த ஒரே உலோகத் துண்டு இந்த வெள்ளி பேட்ஜாகவே இருக்கலாம். பதக்க அட்டை கிடைக்கவில்லை என்பதால் ‘தவறான ஆள்’ என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

முக்கோணம்: எண்ணை விட்டுவிட்டு ஊரைத் தேடுங்கள்

1916-இல் தளவாட அமைச்சகம் பெண் தொழிலாளர்களுக்குக் கொடுத்த முக்கோண பேட்ஜின் கதை வேறு. ஆண்களின் 1915-ஆம் ஆண்டு பேட்ஜ் வெறும் அலங்காரமாக இருக்கவில்லை. ‘இவன் தொழிற்சாலையில் தேவைப்படுகிறான், படைக்கு இழுக்காதே’ என்று சொல்லும் சீட்டாகவும் அது பயன்பட்டது. பெண்களுக்குக் கட்டாயப் படைச்சேர்ப்பு இல்லாததால், அவர்களுடைய முக்கோணம் ஓர் அங்கீகாரம் மட்டுமே. தொழிற்சாலைகள் வழியாக அது கைக்கு வந்தது. எந்த எண் எந்தப் பெண்ணுக்குப் போனது என்று சொல்லும் ஒரு தேசியப் பட்டியல், வெள்ளி பேட்ஜுக்கு இருப்பதைப் போல, இன்று பார்வைக்கு இல்லை.

ஆகவே இந்த எண்ணுக்காகச் சந்தா கட்டுவதிலும் பொருளில்லை, ஆய்வாளரிடம் ‘எண் இதுதான், பெயரைச் சொல்லுங்கள்’ என்று கேட்பதிலும் பொருளில்லை. நேர்மையான ஆய்வாளர் முதல் மின்னஞ்சலிலேயே மறுத்துவிடுவார். மறுக்காதவரிடம் போகாதீர்கள்.

பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. முக்கோணத்தின் பின்புறத்தில் எண்ணோடு ஒரு நிறுவனத்தின் பெயரும் பொறிக்கப்பட்டிருக்கும். அது பேட்ஜைத் தயாரித்தவரின் பெயர். பர்மிங்ஹாம் பட்டறையின் பெயரைப் பார்த்துவிட்டு, அந்தப் பெண் பர்மிங்ஹாமில் குண்டு நிரப்பினாள் என்று எழுதிவிடுகிறார்கள். அவள் ஸ்காட்லாந்தில் இருந்திருக்கலாம், வூல்விச்சில் இருந்திருக்கலாம்.

அப்படியானால் முக்கோணத்துக்கு உள்ள வழி என்ன? பேட்ஜ் எங்கிருந்து வந்தது என்பதைப் பின்னோக்கிப் பிடிப்பதுதான். விற்றவரிடம் கேளுங்கள்: வீடு காலி செய்தபோது வந்ததா, எந்த ஊர், அதே பெட்டியில் வேறு என்ன இருந்தது? ஒரு புகைப்படம், ஞாயிறு பள்ளிப் பரிசுப் புத்தகம், ஒரு ரசீது என்று எது கிடைத்தாலும் அது பின்புற எண்ணைவிட ஆயிரம் மடங்கு உதவும். கேட்க வேண்டிய நேரம் வாங்கும் அன்றுதான். ஏலம் முடிந்து ஆறு மாதம் கழித்துக் கேட்டால் விற்றவருக்கே நினைவிருக்காது. இந்தக் கேள்விக்கு ஒரு காசும் செலவில்லை என்பதாலோ என்னவோ, இதை யாரும் கேட்பதில்லை.

ஊர் தெரிந்துவிட்டால் தொழிற்சாலை தெரியும். பின் உள்ளூர் ஆவணங்கள் பேசத் தொடங்கும். ஸ்காட்லாந்து எல்லையில் கிரெட்னாவில் சுமார் 14 கிலோமீட்டர் நீளத்துக்குப் பரந்து கிடந்த, கார்டைட் என்ற வெடிமருந்தைத் தயாரித்த ஆலையில் பல்லாயிரம் பேர் வேலை செய்தார்கள். அவர்களில் பெரும்பான்மையினர் பெண்கள். அந்த ஆலையின் கதையைச் சொல்லும் அருங்காட்சியகம் ஈஸ்ட்ரிக்ஸில் இருக்கிறது. அங்கே வேலை பார்த்தவர்களின் வாழ்க்கைக் குறிப்புகளைத் தன்னார்வலர்கள் தொகுக்கிறார்கள். லண்டனில் உள்ள இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தில் ‘பெண்களின் பணி’ என்றே ஒரு தொகுப்பு உண்டு. 1917-இல் லேடி நார்மன் தலைமையில் அமைந்த துணைக்குழு, போர் முடியும் முன்பே படங்களையும் பேட்ஜ்களையும் சேர்க்கத் தொடங்கியிருந்தது. வடகிழக்கு இங்கிலாந்து என்றால் கால்பந்துச் செய்திகளையும் விடாதீர்கள். ஆயுதத் தொழிற்சாலைப் பெண்களின் அணிகள் 1917–18 பருவத்தில் கோப்பைக்கே மோதின. பிளைத் நகர அணியின் பெல்லா ரே போன்றவர்களின் ஆட்டத்தை உள்ளூர்ப் பத்திரிகைகள் பெயரோடு அச்சிட்டன. அணிப் படத்தின் அடியில் வரிசையாக இருக்கும் பெயர்கள் சில நேரங்களில் ஒரு தொழிற்சாலையின் மிஞ்சிய ஒரே ஆள்பட்டியலாக இருக்கும்.

இந்தத் தேடலில் ஒரு கசப்பான உண்மை பிடிபடும். இறந்தவர்களுக்குப் பெயர் இருக்கிறது, பிழைத்தவர்களுக்கு இல்லை. 1916 டிசம்பர் 5 அன்று லீட்ஸ் அருகே பார்ன்போ ஆலையில் குண்டு வெடித்து 35 பெண்கள் மாண்டார்கள். போர்க்காலத் தணிக்கை அந்தச் செய்தியை அமுக்கிவிட்டது. ஆனாலும் பின்னாளில் அந்த 35 பெயர்களும் நினைவிடங்களில் இடம் பெற்றன. யார்க் பேராலயத்தில் 1925-இல் திறக்கப்பட்ட ஐந்து சகோதரிகள் சாளர நினைவகத்தில், போரில் உயிரிழந்த பேரரசின் பெண்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் பெயர்கள் ஓக் பலகைகளில் இருக்கின்றன. டி.என்.டி. வெடிமருந்தைக் கையாண்டு தோல் மஞ்சளாகி, ‘கேனரி’ (மஞ்சள் நிறச் சிறு பறவை) என்று கேலி செய்யப்பட்டு, பிறகு கல்யாணம் செய்துகொண்டு எழுபது வயதுவரை வாழ்ந்தவள் எந்தப் பலகையிலும் இல்லை. முக்கோணங்களில் பெரும்பாலானவை அவளைப் போன்றவர்களுடையவை.

ஆஸ்திரேலிய பேட்ஜ், சுருக்கமாக

கடல் கடந்து போன படைவீரரின் தாய்க்கோ மனைவிக்கோ ஆஸ்திரேலியப் பாதுகாப்புத் துறை கொடுத்த உறவினர் பேட்ஜும் எண் கொண்டதுதான். ஒரே வீட்டிலிருந்து இன்னொருவரும் போயிருந்தால் கீழே ஒரு பட்டை சேர்த்துத் தொங்கும். இங்கே எண்ணிலிருந்து பெண்ணுக்குப் போவதைவிட, படைவீரரிலிருந்து பெண்ணுக்குப் போவது எளிது. முதல் உலகப் போர் வீரர்களின் கோப்புகளை ஆஸ்திரேலிய தேசிய ஆவணக் காப்பகம் முழுமையாக இணையத்தில், இலவசமாக வைத்திருக்கிறது. நெருங்கிய உறவினர் யார், எந்த முகவரி என்பது அந்தக் கோப்பிலேயே இருக்கும். பேட்ஜோடு ஒரு குடும்பப் பெயர் கிடைத்திருந்தால் பிரிட்டிஷ் முக்கோணத்தைவிட இது விரைவில் முடியும். பெயரே இல்லை, எண் மட்டும்தான் என்றால் இதற்காக நாள்களைச் செலவிடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பெயர் கிடைத்த பிறகு

பெயர் கிடைத்ததுமே குடும்பம் கிடைத்துவிடும் என்று எண்ண வேண்டாம். ஆணைத் தேடுவதற்கும் பெண்ணைத் தேடுவதற்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் உறைக்கும். 1918-இல் பதிவேட்டில் இருக்கும் குடும்பப் பெயர் 1921-இல் அவளுக்கு இல்லாமல் போயிருக்கலாம். நல்ல வேளையாக இங்கிலாந்து, வேல்ஸ் திருமணப் பதிவுகளின் பெயர் அட்டவணைகளில் 1912 முதல் இணையரின் குடும்பப் பெயரும் சேர்த்து அச்சிடப்பட்டது. தன்னார்வலர்கள் நடத்தும் ஃப்ரீபிஎம்டி தளத்தில் இதைக் காசில்லாமல் பார்க்கலாம். 1911 செப்டம்பர் காலாண்டிலிருந்து பிறப்புப் பதிவுகளின் அட்டவணையில் தாயின் திருமணத்துக்கு முந்தைய குடும்பப் பெயரும் இருப்பதால், பிள்ளைகள் யார் என்பதையும் ஓரளவுக்கு ஊகிக்க முடியும்.

இந்தக் கட்டத்தில்தான் கட்டணத் தளத்துக்குக் காசு கொடுப்பது நியாயமாகிறது. 1921 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2022 ஜனவரியில் ஃபைண்ட்மைபாஸ்ட் வழியாகத்தான் வெளியானது. 1931-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு 1942 தீ விபத்தில் எரிந்துபோனதால், அடுத்த பெரிய பிடிமானம் 1939 செப்டம்பர் 29 அன்று எடுக்கப்பட்ட மக்கள் பதிவேடு. பெண்களைத் தேடுபவர்களுக்கு அதைப் போல இன்னொன்று இல்லை. பிற்காலத்தில் தேசிய சுகாதாரச் சேவையும் அதையே பயன்படுத்தியதால், ஒரு பெண் திருமணம் செய்துகொண்டபோது பழைய குடும்பப் பெயரை அடித்துப் புதியதை எழுதினார்கள். இரண்டு பெயர்களும் ஒரே வரியில் கிடைக்கும். அதன் பிறகு உயில் பதிவுகள். அவற்றில் உள்ள நிறைவேற்றுநரின் பெயர் பெரும்பாலும் ஒரு மகனுடையதாகவோ மருமகனுடையதாகவோ இருக்கும்.

ஆய்வாளரை அமர்த்துவதானால் இந்தச் சங்கிலி அறுந்த இடத்தில் அமர்த்துங்கள். ஒரே பெயரில் நான்கு பெண்கள் இருக்கும்போது யார் நம் ஆள் என்று பிரித்துச் சொல்வதற்கு அனுபவம் வேண்டும். மேரி ஸ்மித் என்று பதிவேட்டில் வந்தால், உங்கள் பணத்தை அவரிடம் கொடுப்பதே மேல்.

பொதுவெளியா, அருங்காட்சியகமா

உள்ளூர்ப் பத்திரிகைக்கு எழுதுவதும், அந்த ஊரின் சமூக ஊடகக் குழுவில் படம் போடுவதும் விரைவான வழிகள். ஊர் தெரிந்த முக்கோணத்துக்கு இவற்றையே முதல் தேர்வாக வைப்பேன். வெள்ளி பேட்ஜுக்கு, பதிவேட்டில் பெயரைக் கண்ட பிறகே செய்ய வேண்டும். எப்படியானாலும் எண்ணை முழுதாக வெளியிட வேண்டாம். கடைசி இரண்டு இலக்கங்களை மறைத்துவிடுங்கள். ‘எங்கள் பாட்டியுடையது’ என்று எழுதும் மூன்று பேரில் உண்மையானவர் யார் என்று கண்டுபிடிக்க, நீங்கள் சொல்லாமல் வைத்திருக்கும் ஒரு தகவலாவது கையில் இருக்க வேண்டும். விலகிய தேதி, பிரிவு, பேட்ஜோடு வந்த புகைப்படம் எதுவானாலும் சரி. உயிரோடு இருக்கும் வாரிசின் பெயரைப் பொது இடத்தில் போட்டுத் தேடுவது வேண்டாம். தனிக் கடிதம் எழுதி, பதில் வராவிட்டால் விட்டுவிடுவதே மரியாதை.

அருங்காட்சியகத்துக்குக் கொடுப்பதைப் பலர் தேடலின் தோல்வியாகவே பார்க்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆனால் எந்த அருங்காட்சியகம் என்பது முக்கியம். பெரிய தேசிய நிறுவனத்தில் இதே முக்கோணம் ஏற்கெனவே பல இருக்கும்; கதையில்லாத இன்னொன்றை அவர்கள் மறுக்கவே வாய்ப்பு அதிகம். தொழிற்சாலை இருந்த ஊரின் சிறிய அருங்காட்சியகம் அதை வாங்கிக்கொள்ளக்கூடும். அங்கே அதைப் பார்த்து ஒருவர் ‘எங்கள் வீட்டிலும் ஒன்று இருக்கிறது’ என்று சொல்லவும் வழியுண்டு. அனுப்புவதற்கு முன் எழுதிக் கேளுங்கள். கேட்காமல் தபாலில் வரும் பொருள்கள் அவர்களுக்குத் தலைவலி.

சட்டப்படி திருப்பித் தந்தாக வேண்டிய கடமை வாங்கியவருக்குக் கிடையாது. அன்றைக்கு நடைமுறை வேறாக இருந்தது. தொலைந்த வெள்ளி பேட்ஜுக்கு மாற்று தரப்படவில்லை. கண்டெடுத்தவர் காவல் நிலையத்தில் கொடுத்தால், அது போர் அலுவலகத்துக்குப் போய், விலகியபோது பதிவான முகவரியில் ஆள் இருந்தால் திரும்பிப் போகும். இன்று அந்த வேலையைச் செய்ய அலுவலகம் ஏதுமில்லை, வாங்கியவரே செய்தால்தான் உண்டு. வாரிசிடம் விலை கேட்பதா இல்லையா என்பதை முதல் கடிதத்துக்கு முன்பே தீர்மானித்துவிடுங்கள். வாங்கிய விலையையும் தபால் செலவையும் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கடிதம் போய், மறுமுனையில் யாரோ அழுத பிறகு தொகையைச் சொல்வதுதான் அசிங்கம். கொடுப்பதென்று முடிவானால் பேட்ஜோடு பதிவேட்டுப் பக்கத்தின் பிரதியையும், எங்கே எப்போது வாங்கினீர்கள் என்ற குறிப்பையும் ஒரே உறையில் போட்டு, பதிவுத் தபாலில் அனுப்புங்கள். பேரப்பிள்ளைகள் இருவர் இருந்தால் யாருக்கு அனுப்புவது என்பதை அவர்களே பேசி முடிவு செய்யட்டும். அதுவரை பேட்ஜ் உங்களிடமே இருக்கலாம்.